பாம்புக் கூண்டில் மைட்: சேலம் வெயிலிலும் ஏற்காட்டுக் குளிரிலும் ஒழிப்பது எப்படி

பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தால், வெக்கை தாங்காமல் கிடக்கிறது என்று விட்டுவிடுவது சேலத்தில் சகஜம். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி காட்டும் ஊரில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனாலும் பாம்பை எடுத்துவிட்டுக் கிண்ணத்தின் அடியை ஒருமுறை பாருங்கள். கசகசா அளவில் கருப்புப் புள்ளிகள் அடியில் படிந்தோ ஓரத்தில் மிதந்தோ இருந்தால் அது மைட்.

இந்த மைட்டுக்கு ஓஃபியோநிசஸ் நாட்ரிசிஸ் என்று பெயர். பாம்பின் இரத்தத்தைக் குடித்து வாழும். நாய் உண்ணிபோல உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்காது. வயிறு நிறையக் குடித்ததும் இறங்கி, கூண்டின் இருட்டான, ஈரமான இடுக்கைத் தேடிப் போய் முட்டையிடும். உங்கள் கண்ணில் படுவது கூட்டத்தில் ஒரு பங்குதான். மீதி முட்டையாகவும் குஞ்சாகவும் பலகை இணைப்பிலும், கண்ணாடி ஓடும் சேனலிலும், ஹைடின் (பாம்பு ஒளிந்துகொள்ளும் கூட்டின்) அடியிலும் இருக்கிறது. அதனால் வேலையில் முக்கால்வாசி பெட்டியில், கால்வாசி பாம்பில். பாம்பை மட்டும் குளிப்பாட்டி அதே பெட்டியில் திரும்ப விட்டால், அடுத்த வாரமே பழைய நிலைக்கு வந்துவிடும்.

முதலில் மைட்தானா என்று உறுதி செய்யுங்கள். வெள்ளை டிஷ்யூவை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாம்பைக் கழுத்திலிருந்து வால்வரை அதற்குள் மெதுவாக ஊர்ந்துபோக விடுங்கள். பிறகு டிஷ்யூவை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். நகரும் கருப்புப் புள்ளி மைட். நகத்தால் நசுக்கினால் சிவப்பாகக் கறை படும். அடுத்து டார்ச் அடித்துத் தலையைப் பாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு, தாடைக்குக் கீழே நடுவில் ஓடும் பள்ளம், உதட்டோரம் இருக்கும் வெப்பக்குழிகள், கழிவுத்துளையின் மடிப்பு ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். கண்ணோரச் செதில் லேசாகத் தூக்கி நின்றால் அதற்கடியில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. செதில்மேல் சாம்பல் தூவியதுபோல வெள்ளைப் பொடி தெரிந்தால் அது மைட்டின் எச்சம்.

பெட்டியில் விரித்திருக்கும் கோகோபீட்டில் (தென்னை நார்த்தூளில்) பழுப்பாகவோ வெள்ளையாகவோ மெதுவாக நகரும் சிறு பூச்சிகள் இருக்கும். மக்கும் பொருளைத் தின்னும் அந்த மண் மைட் பாம்பைத் தொடாது. தொட்டதும் துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில், அதனாலும் தொல்லை இல்லை. இவற்றைப் பார்த்துப் பயந்து மருந்தடிக்க வேண்டாம். கோகோபீட் ஈரம் அதிகமாகிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் நுரை வந்தாலோ, வாயின் உட்புறம் வெளுத்திருந்தாலோ, கையில் எடுத்தால் துவண்டு தொங்கினாலோ, கீழே சொல்லியிருக்கும் எதையும் தொடங்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள். குட்டிப் பாம்பில் மைட் மொய்த்தால் இரத்தச்சோகையிலேயே உயிர் போய்விடும். மைட் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு ஏரோமோனாஸ் பாக்டீரியாவையும் சுமந்து போகும். சேலத்தில் நாய், பூனை, மாடு பார்க்கும் மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். பாம்பு பார்ப்பாரா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. போகும்முன் பாம்பைத் துணிப்பையில் போட்டுச் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தளவு எல்லாமே எடையை வைத்துத்தான். பால் பைத்தான், சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிரின வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனம் என்பதால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்த சான்றும் கையில் இருக்கட்டும். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரை வெளிநாட்டு இனங்களை முறையாக வளர்ப்பவர்களுக்கானது.

தற்காலிக டப்

மைட் உறுதியானதும் பாம்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் டப்பில் குடிவையுங்கள். முழுசாக வளர்ந்த பால் பைத்தானுக்கு 50 லிட்டர் டப் போதும். நாலு பக்கமும் கிளிப் உள்ள மூடியாக இருக்க வேண்டும். சால்டரிங் அயர்னால் இரண்டு பக்கச் சுவரிலும் மேல்பாதியில் 3 மில்லிமீட்டர் ஓட்டை பக்கத்துக்கு இருபதாவது போடுங்கள். ஓட்டையின் பிசிறு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் மூக்கைக் கிழிக்கும், சீவிவிடுங்கள்.

அடியில் வெள்ளைக் கிச்சன் டிஷ்யூ. செய்தித்தாளும் போடலாம், ஆனால் எழுத்துக்கு நடுவே கருப்புப் புள்ளி தெரியாது. உள்ளே ஒரு கனமான தண்ணீர்க் கிண்ணமும், தலைகீழாகக் கவிழ்த்து வாசல் வெட்டிய ஒரு அட்டைப்பெட்டியும் மட்டும். அட்டைப்பெட்டியை ஒவ்வொரு முறை டிஷ்யூ மாற்றும்போதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள். ஹீட் மேட் (சூடு தரும் மின்விரிப்பு) டப்புக்கு அடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், கட்டாயம் தெர்மோஸ்டாட்டோடு. வெதுவெதுப்பான பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26 டிகிரியும் இருந்தால் போதும். சேலத்துக் கோடையில் பகலில் மேட்டே தேவைப்படாது.

மைட் டப்பை விட்டும் வெளியே நடக்கும். டப்பை வைத்திருக்கும் மேசையின் நாலு காலையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்புக்காக அலமாரிக் கால்களுக்கு வைக்கும் பழைய ஏற்பாடு இதற்கும் அப்படியே பொருந்தும். ஒரு கிண்ணத்துக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு. வெறும் தண்ணீரில் மைட் மேலேயே மிதக்கும், சோப்பு கலந்தால் மூழ்கும். மேசை சுவரைத் தொடக் கூடாது. எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஹீட் மேட்டின் வயர்தான். கிண்ணத்தைத் தாண்டிப் போக அதுவே பாலம். வயரில் ஒரு சாண் நீளத்துக்கு வாசலின் தடவுங்கள். டப்பின் வெளிப்புறம் ஓட்டைகளுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வாசலின் இழுத்துவிட்டால், வெளியே வருவது அதில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஒட்டியிருக்கிறது என்று தினமும் எண்ணினால் நிலைமை எப்படிப் போகிறது என்பதும் தெரியும்.

குளியல்

தண்ணீர் 28 முதல் 30 டிகிரி. கைக்குச் சூடாகவும் தெரியாது, சில்லென்றும் இருக்காது. ஆழம் பாம்பின் உடம்புப் பருமனில் பாதிக்குக் கொஞ்சம் மேல். தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தரை எட்ட வேண்டும். 20 முதல் 30 நிமிடம் விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். குளிக்கும் தண்ணீரில் சோப்பு வேண்டாம், பாம்பு அதைக் குடிக்கும். இரை விழுங்கி 48 மணி நேரம் ஆகாமல் குளிப்பாட்டினால் கக்கிவிடும்.

தண்ணீர் மேலே வர வர மைட் தலைக்கு ஏறும். குளியல் மட்டும் ஒருபோதும் முழுத் தீர்வாகாததற்குக் காரணம் இதுதான். துணியால் ஒற்றி எடுத்தபின், இயர்பட்டில் ஒரு சொட்டு பேபி ஆயில் அல்லது தேங்காய் எண்ணெய் தொட்டு, கண்ணின் விளிம்பைச் சுற்றியும் தாடைப் பள்ளத்திலும் மெல்லத் தடவி மைட்டை எடுங்கள். செதில் போகும் திசையிலேயே தடவ வேண்டும். வெப்பக்குழிக்குள் எண்ணெய் இறங்கக் கூடாது. உடம்பு முழுக்க எண்ணெய் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. மைட் கொஞ்சம் சாகும் என்பது உண்மைதான், ஆனால் அடுத்த சட்டை துண்டு துண்டாக உரியும். அழுக்கும் டிஷ்யூத் தூளும் செதிலில் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம். குளித்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றிப் பாத்திரத்தைக் கொதிநீரால் அலசுங்கள்.

மருந்து

மருத்துவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார். முதலாவது 0.25% ஃபிப்ரோனில் ஸ்ப்ரே, நாய்க்கு விற்பதே. பாம்பின்மேல் நேராக அடிக்கக் கூடாது. அதில் ஆல்கஹால் இருக்கிறது, ஆவியே மூச்சைப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, துணியில் அடித்து ஈரப்படுத்தி, உடம்பைத் துடைத்து, ஐந்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள். கண், வாய்ப் பக்கம் போகக் கூடாது. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டாவது ஐவர்மெக்டின் தண்ணீர், அதாவது அந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து பாம்பின்மேல் அடிப்பது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அதாவது 1% ஊசிமருந்து 0.5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பெரிய ஆபத்து இங்கேதான். மாட்டு மருந்துக்கடையில் 3.15% நீண்டநாள் ஐவர்மெக்டினும் கிடைக்கும். அதே அரை மில்லியை அதிலிருந்து எடுத்தால் மும்மடங்குக்கு மேல் போய்விடும். குப்பியில் அச்சடித்த சதவீதத்தைப் படித்துவிட்டு 1 மில்லி இன்சுலின் சிரிஞ்சால் அளந்து எடுங்கள். இந்த மருந்து தண்ணீரில் நன்றாகக் கலக்காது, அடித்து முடிக்கும்வரை குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் பழுப்புப் பாட்டிலில் வைத்து வாராவாரம் புதிதாகக் கலக்குங்கள். பால் பைத்தானுக்குச் சிலசமயம் இந்த மருந்தில் தலை ஆட்டமும் தள்ளாட்டமும் வரும் என்பதால் முதல்முறை மருத்துவர் கண்முன் அடிப்பது நல்லது. வீட்டில் ஆமை இருந்தால் ஐவர்மெக்டின் பட்ட கையோடு அதைத் தொடவே கூடாது. ஆமைக்கு இது உயிரைக் குடிக்கும் விஷம்.

சட்டை உரிக்கப்போகும் பாம்பு, கண் பால் நிறத்தில் மங்கியிருக்கும் பாம்பு, சினைப் பாம்பு, எலும்பு தெரிய மெலிந்த பாம்பு, குட்டிகள் ஆகியவற்றுக்கு மருத்துவர் சொல்லாமல் இரண்டுமே வேண்டாம். டிஷ்யூவும் குளியலும் கொண்டே இழுத்துப் பிடியுங்கள்.

பழைய பெட்டி

கோகோபீட், மரச்சீவல் எல்லாவற்றையும் அங்கேயே, அறையைத் தாண்டாமல், கருப்புக் குப்பைக் கவரில் கொட்டி இறுக்கிக் கட்டி, இன்னொரு கவருக்குள் போட்டு வெயிலில் ஒரு நாள் வைத்தபின் குப்பைக்கு அனுப்புங்கள். செடிக்குப் போடலாமே என்று மாடித் தொட்டியில் கொட்டாதீர்கள். தெர்மாகோல் பின்னணி, கார்க் பட்டை, வெடித்த மரக்கிளை, பிளாஸ்டிக் இலைக்கொடி எல்லாம் குப்பைதான். இவற்றைக் காப்பாற்ற மெனக்கெடுவதற்குப் புதிது வாங்குவது மலிவு. மண்சட்டி ஹைட், கல், கிண்ணம் ஆகியவற்றைக் கொதிநீரில் 15 நிமிடம் போட்டு எடுங்கள்.

மைட் 50 டிகிரிக்கு மேல் தாங்காது. சேலத்துக்காரர்களுக்கு இது பெரிய வரம். மார்ச் முதல் மே வரை காலியான கண்ணாடி டேங்கையோ பிளைவுட் பெட்டியையோ மொட்டைமாடியில் வைத்து, கருப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்து, காலை 11 மணி முதல் மதியம் 3 மணிவரை விட்டால் உள்ளே தானாகவே 55 டிகிரியைத் தொடும். ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். வயர் வெளியே வரும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையைப் பெட்டியின் நிழலான மூலையில், பலகை இடுக்கில் செருகுங்கள். அந்த மூலை 55 காட்டி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நடுவில் சூடேறி மூலை 45-லேயே நின்றால் முட்டை பிழைக்கும். இரண்டு நாள் கழித்து இன்னொரு வெயில் கொடுங்கள். பாம்பு உள்ளே இருக்கும்போது வெயில் வைத்தியமே கிடையாது, பத்து நிமிடத்தில் செத்துவிடும்.

கண்ணாடி டேங்கில் நேராகக் கொதிநீர் ஊற்றினால் பளீரென்று விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்கிப் படிப்படியாகச் சூட்டைக் கூட்டுங்கள். சறுக்கிக் கதவு உள்ள பெட்டியில் கண்ணாடியைக் கழற்றி, அலுமினிய அல்லது பிளாஸ்டிக் சேனலை ஸ்க்ரூ அவிழ்த்து வெளியே எடுங்கள். முட்டை அதிகம் தேங்கும் இடம் அதுவே. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கொதிநீரும் சோப்பும் போட்டுத் தேயுங்கள். பலகை மூலைகளுக்கு வேக்யூம் கிளீனரின் ஒல்லிக் குழாய், முடிந்ததும் அதன் பையையும் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

கழுவிக் காய்ந்ததும் மூலைகளையும் ஸ்க்ரூ ஓட்டைகளையும் அக்வேரியம் சிலிக்கான் பூசி அடையுங்கள். அடைக்க ஓர் இடுக்குகூட மீதமில்லாத பெட்டியில் மைட்டுக்கு முட்டையிட இடமில்லை. இந்த ஒரு வேலை பிற்பாடு பல மருந்து பாட்டில்களை மிச்சப்படுத்தும். சிலிக்கானின் புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், பாம்பை விடாதீர்கள்.

பிளீச் கிருமிக்கு நல்லது, மைட் முட்டைக்கு அதை நம்ப முடியாது. பெட்டியைச் சூட்டில் சுத்தம் செய்தபிறகு வேண்டுமானால் ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சோடு வேறு எந்தக் கிளீனரும் கலக்காதீர்கள்.

ஃபினாயில், டெட்டால் போன்றவற்றில் பாம்புக்கு ஆகாத ஃபீனால் வகை இரசாயனம் உண்டு. கற்பூரம், அந்துருண்டை ஆகியவற்றின் வாடை மூடிய டப்பில் பாம்பின் மூச்சில் நேராக இறங்கும். வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று பூசுவார்கள், அதுவும் செதிலை அடைத்துச் சட்டை உரிதலைக் கெடுக்கும். கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடர், மாட்டுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே யாராவது அடித்துவிட்டு, பாம்பு தலையைப் பின்னுக்கு வளைத்தாலோ, மல்லாக்கப் போட்டால் திரும்பமுடியாமல் கிடந்தாலோ, நடுங்கினாலோ, உடனே வெதுவெதுப்பான ஓடும் நீரில் கழுவிக் காற்றோட்டமான சுத்தமான டப்பில் போட்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

நாட்கணக்கு

மைட் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர 25 முதல் 30 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் ஆகும். முட்டை சில நாட்களிலேயே பொரியும். பொரிந்த லார்வா இரத்தம் குடிக்காது, அடுத்த பருவத்தில்தான் பாம்பைத் தேடும். பாம்பு கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரம் பசியோடு காத்திருக்கும். ஒரு பெண் மைட் மொத்தம் 60 முதல் 80 முட்டை இடும். அதனால் கண்ணுக்குத் தெரியாமல் போன நாள் ஒழிந்த நாள் அல்ல. பெரும்பாலானோர் தோற்பது பத்தாம் நாளில்தான். டிஷ்யூ சுத்தமாக இருக்கும், பாம்பும் கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருக்கும், பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள். அடுத்த தலைமுறை அப்போதுதான் பொரிந்திருக்கும்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் டிஷ்யூவும் அட்டைப்பெட்டியும் மாற்றிக் குளிப்பாட்டுங்கள். அடுத்த இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை. ஃபிப்ரோனில் என்றால் முதல் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள். ஐவர்மெக்டின் தண்ணீர் என்றால் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று நாலு வாரம். கடைசியாக ஒரு மைட்டைப் பார்த்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அதிலிருந்து 30 நாள் எதுவும் தெரியாவிட்டால்தான் பெட்டிக்கு மாற்ற வேண்டும். நடுவில் ஒன்றே ஒன்று தென்பட்டாலும் கணக்கு முதலிலிருந்து.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு மாறும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் துணியே காயாத ஈரமும் 20 டிகிரியை ஒட்டிய குளிரும் மைட்டுக்கு மிகவும் ஒத்துப்போகும். முட்டை பொரிவதும் வளர்வதும் மெதுவாகும், பசியோடு காத்திருக்கும் காலமும் நீளும். அதனால் 30 நாளை 45 ஆக்குங்கள். வெயிலும் உதவாது, பெட்டியைக் கொதிநீராலோ நீராவிக் கிளீனராலோதான் முடிக்க வேண்டும். அல்லது காலிப் பெட்டியை மலையிறக்கிச் சேலத்தில் ஒரு மொட்டைமாடியில் வெயில் காட்டி எடுத்துப்போகலாம், கோடையில் அது சுலபம். மைட்டை உலர்த்திக் கொல்கிறேன் என்று பாம்பிருக்கும் டப்பின் ஈரப்பதத்தை அடியோடு குறைப்பது இரண்டு ஊரிலும் தவறு. 55 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் போனால் பால் பைத்தானின் கண்மேல் சட்டை ஒட்டிக்கொள்ளும், அதற்கடியிலேயே மைட் பதுங்கும்.

வீட்டில் வேறு பாம்பு இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தொடங்குங்கள், அறிகுறி இல்லாததற்கும் சேர்த்து. வேலை செய்யும்போது சுத்தமான பாம்பு முதலில், மைட் உள்ளது கடைசியில். முடிந்ததும் நீங்கள் போட்டிருந்த சட்டையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள். கூண்டைச் சுற்றி இரண்டு மீட்டர் தரையையும் சுவரடியையும் கூட்டித் துடையுங்கள், கால்மிதியை வெயிலில் போடுங்கள். கையிலோ இடுப்பிலோ அரிக்கும் சிவப்புத் தடிப்பு வந்தால் இதே மைட் கடித்திருக்கலாம். மனிதர் உடம்பில் அது குடியிருக்காது, கூண்டு சுத்தமானால் தடிப்பும் நிற்கும்.

வயது வந்த பால் பைத்தான் இந்த வாரங்களில் இரை எடுக்காவிட்டால் பதற வேண்டாம், எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறையாதவரை காத்திருக்கலாம். குட்டிக்கு இந்தச் சலுகை இல்லை, இரண்டு வேளை தவறினாலே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மைட் பெரும்பாலும் புதிதாக வாங்கிய பாம்போடும், பழைய டேங்கோடும், இன்னொருவர் பாம்பைத் தொட்டு வந்த கையோடும்தான் வரும். ஊர்வன இருக்கும் கடையில் பக்கத்திலேயே அடுக்கி வைத்த கோகோபீட் மூட்டையிலும் வரலாம். மூட்டையைப் பிரிக்கும்முன் கருப்புக் கவரில் கட்டி ஒரு நாள் நல்ல வெயிலில் வையுங்கள். புதுப் பாம்பை 60 முதல் 90 நாள் வேறு அறையில், வெள்ளை டிஷ்யூமேல், பாம்பைத் தூக்கத் தனிக் கொக்கி, தனிக் கிண்ணத்தோடு வையுங்கள். மைட் ஒழிந்தபின் அந்தத் தற்காலிக டப்பைத் தூக்கிப் போடாதீர்கள். கொதிநீரில் அலசிக் காயவைத்து, மேசைக்கால் கிண்ணங்களோடு சேர்த்து மூடி வைத்தால் அடுத்த புதுப் பாம்புக்கு அதுவே தனிமை டப்.